சுவரைப் பார்த்து உண்பவள்

அந்த வரியை எழுதியதாகவே தாட்சாயணிக்கு நினைவில்லை. ஆனால் கையெழுத்து அவளுடையதுதான். கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய, எழுத்துக்கு எழுத்து இடம் விட்ட கையெழுத்து.

ஜெயச்சந்திரன் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார். "நைனா கட்டிலில் கிடந்தார். அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்."

நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இந்த 'அவள்' யாருங்க டீச்சர்? பேர் சொல்லாம விட்டுட்டீங்களே."

திருப்பதி ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தமிழ் வாசகசாலையின் மாடி அது. ஜன்னலுக்கு வெளியே திருமலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. கீழே மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எல்லைத் தீர்ப்பு வந்து, திருத்தணி மெட்ராஸோடு அந்தப் பக்கம் என்றும் சித்தூரும் புத்தூரும் நகரியும் ஆந்திராவோடு இந்தப் பக்கமே என்றும் ஆகிவிட்டபின், வாசகசாலைக்காரர்கள் மனு எழுதுவதை விட்டுவிட்டு இப்படி ஒரு வகுப்பு தொடங்கியிருந்தார்கள். இங்கே தமிழில் வாழ்ந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுத வேண்டும். அதைப் புத்தகமாகப் போட வேண்டும். எழுதக் கற்றுக்கொடுக்க ஞாயிறுதோறும் மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்தார் ஜெயச்சந்திரன். ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். தாட்சாயணியைவிடப் பத்து வயதாவது இளையவர்.

"கற்பனை வேணாம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "நடந்ததுதான் வேணும். ஆனா கதை மாதிரி கண்ணுக்குத் தெரியணும். நீங்க இருந்த ஒரு ரூமை எடுத்துக்குங்க. கண்ணை மூடிக்கிட்டு அதுக்குள்ள நடங்க. தெரிஞ்சதை எழுதாதீங்க, பார்க்கிறதை எழுதுங்க."

அவள் அப்படித்தான் செய்தாள். ஒன்பது வயதில், நகரியில், நைனா செத்துப்போன அறையை எடுத்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டு அம்மா சார்" என்றாள் இப்போது.

ஜெயச்சந்திரன் தலையசைத்தார். நம்பவில்லை. "தெரியலேன்னா தெரியலேன்னே எழுதுங்க. ஆனா இந்தக் கட்டுரையிலேயே உயிரோட இருக்கிறது அந்த ஒரு வரிதான். சாகப்போற மனுஷன் பக்கத்துல ஒருத்தி உட்கார்ந்து சாப்பிடறா. இன்னும் கிட்டப் போய்ப் பாருங்க டீச்சர். என்ன சாப்பிடறா, எப்படிச் சாப்பிடறா."

ரேணிகுண்டாவில் வண்டி மாறி, புத்தூர் நோக்கிப் போகும்போது ஜன்னலோரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். கிட்டப் போவது அவ்வளவு எளிதாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசம், ஓட்டு இடுக்கிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் மிதந்த பஞ்சுத் துகள், நைனாவின் மூச்சு தொண்டையில் ஏறி இறங்கும் கரகரப்பு. அதற்கெல்லாம் அடியில், முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்து காதில் விழாமல் போனது போல, இன்னொரு சத்தம். சோற்றைக் குழம்போடு பிசைகிற சத்தம். உருட்டுகிற சத்தம். விரல்களை ஒவ்வொன்றாக உறிஞ்சுகிற சத்தம். மூலையில் ஒரு முதுகு. எண்ணெய் வைக்காத கொண்டை. நிறம் இன்னதென்று சொல்லமுடியாத புடவை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவும் இல்லை.

வீட்டில் கணவர் சம்பத் காத்திருந்தார். தாலுக்கா ஆபீஸில் குமாஸ்தா அவர். அந்தப் பக்கம் போகிற கிராமங்களின் தஸ்தாவேஜுக் கட்டுகளைப் பிரித்து அனுப்பும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. சட்டையெல்லாம் பழைய காகிதத் தூசி மணக்கும். அவள் தோசை வார்த்துப் போட்டாள். ஒன்று தின்றதும் கையை எடுத்துவிட்டார்.

"இன்னாங்க, அவ்ளோதானா?"

"போதும். வயிறு ரொம்பிக்கினு கெடக்குது."

அவள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் வேண்டுமென்றே சந்தோஷமான ஒரு நாளை எழுத உட்கார்ந்தாள். கல்யாண நாள். பந்தல், நாதஸ்வரம், சம்பத்தின் புது வேட்டியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டை அண்ணி சந்திரம்மா கிழித்து எறிந்தது, மாமனார் பந்தி நடுவே நின்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கேட்டுப் பரிமாறச் சொன்னது. எழுதிக்கொண்டே வந்தபோது பேனா நின்றது. பந்தியில் எல்லோரும் எதிரெதிராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். வரிசையின் கடைசியில் ஒரு இலை மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் போடப்பட்டிருக்கிறது. அதே கொண்டை. அதே முதுகு, நைனாவின் அறையில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக.

கொஞ்சம் கிட்டத்தில்.

மாமனாருக்கு அப்போது ஒரு நோயும் கிடையாது. கல்யாணமான வருஷத்துத் தைக்குள் கன்னம் ஒட்டி, கை கால் குச்சியாகி, என்ன வியாதி என்று யாருக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

ஜெயச்சந்திரன் அதைப் படித்துவிட்டுத் தாள்களை மேசையில் வைத்தார். "நிஜமாவே பார்த்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"மனசு இப்படித்தான் செய்யும். ஒரு துக்கத்தோட ஞாபகம் இன்னொண்ணுல போய் ஒட்டிக்கும். பயப்படாதீங்க. விட்டுடவும் விட்டுடாதீங்க. முகத்தைப் பார்க்காம இந்தக் கட்டுரை முடியாது. முகத்தை எழுதிட்டீங்கன்னா அவ போயிடுவா."

அவர் நல்ல மனிதர். அவர் சொன்னது எழுத்தைப் பற்றி. அவளும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் வண்டியில் திரும்பும்போது, கேட்காமலேயே மூன்றாவது அறை வந்தது. அவள் எழுதவே போவதில்லை என்று வைத்திருந்த அறை. மூன்று வயதில் தவறிப்போன மகள் தொட்டில் சேலையில் கிடக்கிறாள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தெரிகிறது. தாட்சாயணி சேலையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் முழங்கைக்குப் பக்கத்தில், இடித்துவிடாமல் இருக்கத் தாட்சாயணியே ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் அளவு பக்கத்தில், அந்த முதுகு. குனிந்து குனிந்து நிமிர்கிறது. சோற்றின் சூடு தாட்சாயணியின் தோளில் படுகிறது.

புத்தூரில் அவள் இறங்கவில்லை. நகரிவரை போனாள்.

அண்ணன் எத்திராஜ் வீட்டில் தறிகள் மின்சாரத்துக்கு மாறியிருந்தன. வாசலிலேயே பேச்சு கேட்காது. அவள் முகத்தைப் பார்த்ததும் எத்திராஜ் கூடத்துக்குக் கூட்டிப்போகாமல் கொல்லைப்பக்கம் நடந்தார். நூலுக்குச் சாயம் போடும் தொட்டிகளுக்கு அருகே நின்றார்கள்.

"இன்னாம்மே, ஊட்ல எதுனா சண்டையா?"

"அதெல்லாம் இல்லண்ணா. நைனா போன அன்னிக்கி ஊட்டுக்குள்ள யாராரு இருந்தோம்?"

"நாம நாலு பேருதான்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏன்?" என்றார்.

"மூலையில ஒருத்தி ஒக்காந்திருந்தாளா?"

எத்திராஜ் தொட்டி விளிம்பில் காய்ந்திருந்த நீலத்தை நகத்தால் சுரண்டினார். அவருக்கு நாற்பத்தைந்து ஆகப்போகிறது. ஆனால் அந்த நேரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

"துன்னுக்கினு இருந்தாளே" என்றார். "நான் ஒருத்தன்தான் பாத்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"யாருண்ணா அவ?"

"தெரியாது. நைனாவுக்குத் தெரிஞ்சிருக்கும்போல. சாவறதுக்கு முந்தி அம்மாகிட்ட கடைசியா இன்னா சொன்னாரு தெரியுமா? 'அவளுக்கு இன்னும் கொஞ்சம் போடு'ன்னாரு. அம்மா ஏதோ பொலம்பறாருன்னு வுட்டுட்டா." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் அதுக்கப்புறம் பழசு எதையும் நெனைக்கறதே இல்ல. நெனப்பு வந்தா தறி சத்தத்துல போய் நின்னுக்குவேன். உனக்கு இன்னாத்துக்கு இப்ப இது?"

"எழுதறேண்ணா. கிளாசுக்குப் போறேன். நம்ம வாழ்க்கையை நாமே எழுதறது."

"இன்னா எழுதின?"

"பாத்ததை."

"அவளையுமா?"

அவள் தலையாட்டினாள். எத்திராஜ் அவள் கையைப் பிடித்தார். அண்ணன் அவள் கையைப் பிடித்தே எத்தனையோ வருஷமாகியிருந்தது. "மூஞ்சியப் பாக்காத, தாட்சாயணி. இதுவரிக்கும் அவ நம்மளப் பாக்கல. நீ பாத்தின்னா அவளும் பாப்பா. மாப்ள நல்லா இருக்கறாரா?"

வயிறு ரொம்பிக்கினு கெடக்குது என்று சம்பத் கையை எடுத்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கையை விடுவித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அதன்பின் அவள் வகுப்புக்குப் போகவில்லை. எழுதியவற்றை அடுப்பில் போட்டாள். பேனாவை மைக்கூட்டோடு பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். ஆனால் சம்பத் இளைத்துக்கொண்டே வந்தார். ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்றார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "பரவாலேதம்மா, ஏமீ லேது", ஒன்றுமில்லை என்று தெலுங்கில் சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். நாலு வாய் சாப்பிட்டதும் தாம்பாளம் நிறையத் தின்றவர்போல ஏப்பம் விட்டுவிட்டுச் சாய்ந்துகொள்வார். முகத்தில் வலி இல்லை. ஒரு திருப்தி இருந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

எழுதுவதை விட்டாலும், கற்றுக்கொண்டதை விட முடியவில்லை. ஜெயச்சந்திரன் கொடுத்தது பேனாவை அல்ல, கண்ணை. பள்ளிக்கூடத்தில், கடையில், கிணற்றடியில், எங்கே நின்றாலும் மனது தானாகவே வரி வரியாகச் சொல்லத் தொடங்கியது. ஜன்னல் கம்பியில் துரு. பிரம்பு நாற்காலியில் ஒரு கிழிசல். சம்பத்தின் செருப்பு, இடது குதிகால் தேய்ந்தது. அடுத்து சமையலறை நிலைப்படி. அதற்கடுத்து.

அங்கே கண்ணைத் திருப்பிக்கொள்வாள். சமையலறை மூலையைப் பார்க்காமலே சமைக்கப் பழகினாள். அடுப்புக்குக் குனியும்போது முதுகுக்குப் பின்னால் பிசைகிற சத்தம் கேட்டால் பாத்திரத்தை உருட்டுவாள். அவளாலும் சாப்பிட முடியவில்லை. சோற்றைக் கையில் எடுத்தாலே அந்தச் சத்தம் அவள் விரலிலிருந்தே வருவதுபோல இருந்தது. மோர் குடித்தாள். பிறகு அதுவும் இறங்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்டு போயிற்று. சம்பத் ரெண்டு நாளாக ஆபீஸ் போகவில்லை. கூடத்துக் கட்டிலில், போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியாத அளவு தட்டையாகக் கிடந்தார். அவள் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னத்தைத் தொட்டாள். தோலுக்கு அடியில் பல் வரிசை கைக்குத் தட்டுப்பட்டது. குழந்தையின் கன்னமும் கடைசியில் இப்படித்தான் இருந்தது.

ஓட்டின்மேல் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. கொல்லையில் வாளி நிரம்பி வழிகிற சத்தம். மண்ணெண்ணெய் வாசம். அதற்குள் புகுந்து வந்தது சூடான சோற்றின் வாசம். அடுப்பு மத்தியானமே அணைந்துபோயிருந்தது.

சமையலறையில் யாரோ விரலை உறிஞ்சினார்கள்.

விளக்கொளியில் சம்பத்தின் கன்னம் உள்ளே ஒட்டிப் பிறகு தளர்ந்தது.

மறுபடியும் உறிஞ்சும் சத்தம். மறுபடியும் கன்னம் ஒட்டியது. இம்முறை தளரவில்லை.

நைனாவுக்காக யாரும் எழுந்து அந்த மூலைக்குப் போகவில்லை. மாமனாருக்காகவும் போகவில்லை. குழந்தையின் அறையில் தாட்சாயணியே அவளுக்கு ஒதுங்கி இடம் விட்டிருந்தாள். அந்த நினைப்பு பயத்தைவிடப் பெரிதாக எழுந்தது. முகத்தைப் பார்த்தால் அவள் போய்விடுவாள் என்று ஒருவர் சொன்னார். பார்த்தால் அவளும் பார்ப்பாள் என்று இன்னொருவர். பார்க்கட்டும். என்னைப் பார்க்கட்டும். அவரை விடட்டும்.

விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நிலைப்படி. ஈரமான தரை. அம்மிக்கல். அடுக்குப் பானைகள். சொல்லிக்கொண்டே போனாள். இம்முறை கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மூலை.

முதுகு. எண்ணெய் வைக்காத கொண்டை. புடவைக்கு இப்போதும் நிறம் இல்லை. குனிகிறது. நிமிர்கிறது.

"யாரு நீ?" என்றாள் தாட்சாயணி.

முதுகு நின்றது. மெல்லுவது நின்றது. மழை மட்டும்.

தாட்சாயணி சுவரை ஒட்டிப் போனாள். தோள் சுண்ணாம்பில் உரசியது. உட்கார்ந்திருந்தவளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை. எப்படியோ நின்றாள். விளக்கைத் தாழ்த்தினாள். முதலில் தெரிந்தது இலை. தண்ணீர் தெளித்துத் துடைத்த தலைவாழை இலை. அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பருக்கை இல்லை. அந்தக் கை வெறும் இலையில் பிசைந்தது. உருட்டியது. தூக்கியது.

கூடத்தில் கட்டில் கயிறு முனகியது.

விளக்கை உயர்த்தினாள். முகம்.

சாதாரண முகம். கல்யாண வீடுகளில், சாவு வீடுகளில் எல்லாம் தென்படுகிற முகம். யாரென்று கேட்க வெட்கப்பட்டு, நம்ம சொந்தக்காரிதான் போல என்று சிரித்துவிட்டுப் போவோமே, அந்த முகம். களைத்திருந்தது. கண்கள் நிமிர்ந்து தாட்சாயணியைப் பார்த்தன. கோபம் இல்லை. நெடுநேரம் காத்திருந்தவளின் சலிப்பு மட்டும் இருந்தது.

பிறகு அவள், பந்தியில் இன்னொருவருக்கு இடம் விடுகிறவள்போல, முழங்காலை மடக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போட்டிருந்தது.

"ஒக்காரும்மா" என்றாள். நகரிக் குரல். "ஆறிப் போவுது."

தாட்சாயணி நகரவில்லை. நகர முடியவில்லை. அப்போதுதான் அது எழுந்தது. வயிற்றிலிருந்து அல்ல, கால் நுனியிலிருந்து, மயிர்க்காலிலிருந்து. பசி. இத்தனை நாளாக எங்கே இருந்ததோ. வாயில் எச்சில் ஊறி உதட்டோரம் வழிந்தது. கூடத்துக்கு ஓட வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு இருந்தது. கால் இல்லை.

"ஏங்க" என்று கூப்பிட்டாள்.

கட்டிலிலிருந்து சம்பத்தின் குரல் வந்தது. மெலிந்த, அன்பான குரல். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்கிற அதே குரல்.

"நீ துன்னியா, தாட்சாயணி? ஒக்காந்து துன்னு. நீயும் ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல."

"வேணாங்க" என்றாள். "வேணாம்."

"எனக்குப் போதும். நீ துன்னு."

விளக்கு அவள் கையிலிருந்து தரைக்கு இறங்கியது. முழங்கால் மடங்கியது. எதிரே வெறும் சுவர், சுண்ணாம்பு உரிந்த சுவர். பக்கத்திலிருந்தவள் மறுபடி மெல்லத் தொடங்கினாள். கூடத்தில் கட்டில் கயிறு மறுபடி முனகியது. தாட்சாயணியின் வலது கை, அவளைக் கேட்காமல், இலைமேல் தண்ணீர் தெளித்தது.

காலியான இலையிலிருந்து ஆவி எழுந்து அவள் முகத்தில் பட்டது.